செவ்வாயில் 2 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை

பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் கடலூர் மணற்கல் நிலத்தில் போர்வெல் போடுவதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு அந்தச் சேற்றுநீர் நினைவிருக்கும். களிமண் கரைத்த தண்ணீரைக் குழாய்க்குள் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அது துளைமுனையைக் குளிர்விக்கும், அரைபட்ட மணலை மேலே தள்ளும், துளையின் சுவர் சரியாமல் தாங்கும். செவ்வாயில் அந்த வசதி கிடையாது. காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஊற்றும் தண்ணீர் கொதித்தோ உறைந்தோ போய்விடும். அதோடு, உயிரின் தடயம் தேடப் போன இடத்தில் பூமியின் தண்ணீரை ஊற்றினால் ஆய்வே பாழ்.

இவ்வளவு பாடுபட்டுத் துளைப்பானேன்? செவ்வாயை முழுதாக மூடும் காந்தக் கவசம் இல்லை. அதனால் விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள், உயிரின் தடயமாக இருக்கக்கூடிய கரிமச் சேர்மங்களை மேல்மண்ணில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைத்துவருகின்றன. தப்பியவை இருந்தால் ஆழத்தில்தான் இருக்கும். கியூரியாசிட்டி ஊர்தி போடும் துளை சுமார் 6 செ.மீ. ஆழம்தான். ஐரோப்பிய விண்வெளி முகமை 2028இல் அனுப்பத் திட்டமிட்டுள்ள ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி 2 மீட்டர் வரை துளைக்கும். அதன் வடிவமைப்பில் பாதித் தலைவலி இந்த ஒற்றை எண்ணால் வந்தது என்பேன்.

ஊர்தி சுமார் 310 கிலோ. ஈர்ப்போ நம்முடையதில் 38 சதவீதம். பலமாக அழுத்தினால் துளை இறங்காது, ஊர்திதான் எழும்பும். ஆகவே துளைக்கும் கம்பி மெதுவாகச் சுழல, அதன் சுருள்புரி தூளை மேலேற்றும். வேகம் கூடினால் சூடு. சூட்டில் உப்புப் பனி உருகி மறுபடி உறைந்தால் கம்பி சிக்கிக்கொள்ளும். அந்தச் செய்தி பூமிக்கு வரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்பதால், நிறுத்தும் முடிவை இயந்திரமே எடுக்க வேண்டும்.

மண்ணைப் பற்றிய கணிப்பு தவறினால் என்னவாகும் என்பதை 2018இல் இறங்கிய இன்சைட் கலம் காட்டியது. அதன் 40 செ.மீ. வெப்பமானி ஆணி தன்னைத்தானே அடித்துக்கொண்டு 5 மீட்டர் வரை இறங்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் வரும் பின்னுதைப்பைச் சுற்றியுள்ள மண்ணின் உராய்வு தாங்கினால்தான் அது நடக்கும். அங்கே மண் கட்டிபட்டு விலகி நின்றது; ஆணி இருந்த இடத்திலேயே துள்ளியது. 2021 ஜனவரியில் முயற்சியைக் கைவிட்டார்கள்.

ரோசாலிண்ட் ஃபிராங்க்ளினில் துளைக்கும் முன் விஸ்டம் என்ற ரேடார் சுமார் 3 மீட்டர் ஆழம் வரை அடுக்குகளைக் காட்டும். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதைவிட நம்பகமானது!

மேலே வந்த தூளை அடுப்பில் சூடாக்கி, வெளிவரும் வாயுவை ஆராய்வது வழக்கம். ஆனால் 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் கண்டறிந்த பெர்குளோரேட் உப்பு, சூடானதும் ஆக்சிஜனை வெளிவிட்டு, தேடிப்போன கரிமப் பொருளையே எரித்துவிடும். அதனால் லேசர் துடிப்பால் மூலக்கூறுகளைச் சட்டெனப் பிய்த்தெடுக்கும் வழியும் இந்த ஊர்தியில் உண்டு. உப்பு சிதைவதற்கு அவகாசமே கிடைக்காது.