துவக்கில் பூட்டுவது மின்சூளா?

போன காலபோக நெற்செய்கையில் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் வயல் காவல் கொட்டிலில் இருந்தபோது ஒரு தம்பி கைபேசியில் காணொளி காட்டினார். துவக்கில், அதாவது துப்பாக்கியில், பூட்டும் விளக்கை இருட்டுக்குள் நடந்து சோதித்துப் பார்க்கிறார்கள், கீழே தமிழ் வரிகள் ஓடுகின்றன, ஆங்கிலத்தில் weapon light என்பதற்கு வரிக்கு வரி ‘ஆயுத ஒளி’. இந்தச் சொல்லை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

ஒளி விளக்கிலிருந்து வருவது, விளக்கு கையால் தொடும் பொருள். ‘ஆயுத ஒளியைக் கழற்றி மின்கலத்தை மாற்றுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். ஒளியை எப்படி ஐயா கழற்றுவது? ஆயுதம் என்றால் கத்தியும்தான், வாளும்தான். இங்கே பேச்சு துவக்கைப் பற்றி மட்டும். துவக்கு தூய தமிழா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, துருக்கிய மொழியிலிருந்து வந்தது, துப்பாக்கியும் அதே வேர்தான். ஆனால் வன்னியில் எந்த வீட்டிலும் விளங்கும் சொல் அது.

‘ஆயுத ஒளி’யைத் தள்ளியவர்கள் அடுத்து ‘ஆயுத மின்சூள்’ என்கிறார்கள். எனக்கு உண்மையில் மனவருத்தம் இதில்தான், ஏனென்றால் மின்சூள் நான் நேசிக்கும் சொல். காய்ந்த ஓலையைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்தி, வழி பார்க்கவும் இரவில் மீன் பிடிக்கவும் கொண்டுபோவது சூள். மின்சாரத்தில் எரிவதால் மின்சூள். (‘மின்சூழ்’ என்று எழுதுவது பிழை, சூழ்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) நாம் ரோச் (torch) என்கிறோமே, அதன் மூலமும் லத்தீனில் முறுக்குதல் என்ற வினைதான், முறுக்கிக் கட்டிய பந்தம். அங்கேயும் பந்தம், இங்கேயும் பந்தம், இவ்வளவு பொருத்தமான ஆக்கம் அடிக்கடி அமையாது.

அதனால்தான் அதைத் துவக்கில் ஒட்டக்கூடாது என்கிறேன். சூள் வழி பார்க்கக் கையில் பிடிப்பது, வரம்பைப் பார்க்கலாம், பக்கத்தில் வருகிற ஆளின் முகத்தையும் பார்க்கலாம். துவக்கில் பூட்டிய விளக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே குழல்வாயும் திரும்பும். அதைக்கொண்டு வழி தேடினால் எதிரே வருகிற மனிதன்மேல் துவக்கை நீட்டியபடிதான் நடக்கவேண்டும். துவக்கில் பூட்டிய விளக்கு, முன்னால் நிற்பது பன்றியா ஆளா என்று சுடுவதற்கு முன் உறுதிசெய்வதற்கு. நடக்கிறவருக்குத் தனியாகக் கையில் மின்சூள் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டும் ஒரே வேலைக்கு என்றுதான் பொடியள் நினைப்பார்கள். அந்தக் காணொளியைப் பார்த்த தம்பியும் அப்படித்தான் நினைத்தார், ‘அப்ப ரோச் தேவையில்லைத்தானே அண்ணை’ என்றார்.

ஆகவே துவக்கு விளக்கு. பூட்டியிருப்பதும் தெரியவேண்டும் என்று ஒருவர் ‘துவக்குக் கட்டுவிளக்கு’ என்றார். வேண்டாம், நமக்குக் கட்டுத்துவக்கு என்றாலே காட்டுப்பாதையில் கயிறு கட்டி வைக்கும் பொறித்துவக்குத்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம் அளவுகள். ஒளியை அளக்கும் கண்டெலா என்ற அலகை ‘மெழுகுவர்த்திகள்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு மெழுகுதிரி என்பது பொருள்தான், அதற்காக அலகின் பெயரையுமா மாற்றுவது? மீற்றரை மாற்றினோமா? லூமென் விளக்கு விடும் மொத்த ஒளி, கண்டெலா ஒரு திசையில் அது எவ்வளவு செறிவு என்பது. லூமென் மாறாமல் கற்றையை ஒடுக்கினால் கண்டெலா கூடும், தூரம் தெரியும், ஆனால் பக்கத்துப் பற்றைக்குள் நிற்பது தெரியாது. பனி விழுந்த இரவில் கூடிய வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி அடிக்கும், இருட்டுக்குப் பழகிய பார்வை போய்விட்டால் முழுதாக மீள 20, 30 நிமிடம் ஆகும். யானை நிற்கிற பக்கம் அது நீண்ட நேரம். மொழிபெயர்த்தவர் லூமென், கண்டெலா இரண்டையுமே ‘வெளிச்ச அளவு’ என்று ஓரிடத்தில் போட்டுவிட்டார், அதை நம்பி ஒருவர் காசு கொடுத்து விளக்கு வாங்கப்போகிறார்.