ஒரே தேதியில் இத்தனை ஒற்றுமைகள் எப்படி?

கலிலியோ மறைந்த ஜனவரி 8ஆம் தேதியில் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார். ஐன்ஸ்டைன் பிறந்த மார்ச் 14ஆம் தேதியில் மறைந்தார். முதல் ஒற்றுமையில் 1642க்கும் 1942க்கும் இடையே சரியாக முந்நூறு ஆண்டு இடைவெளி வேறு. இவையெல்லாம் வெறும் தற்செயலாக இருக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தற்செயல்தான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இந்தத் தற்செயலுக்குள்ளே நிகழ்தகவுக் கணிதத்தின் மிக அழகான பகுதிகளுள் ஒன்று இருக்கிறது.

மார்ச் 14ஐயே எடுத்துக்கொள்வோம். 1879இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஐன்ஸ்டைன் பிறந்த நாள் அது. செவ்வாய்க் கோளின் மேற்பரப்பில் கோடுகளைக் கண்டு வரைந்த இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி 1835இலும், போலந்துக் கணிதவியலாளர் சியர்பின்ஸ்கி 1882இலும் அதே தேதியில்தான் பிறந்தார்கள். கார்ல் மார்க்ஸ் 1883இல் லண்டனில் மறைந்ததும், இந்தியாவின் முதல் பேசும் படம் 1931இல் பம்பாயில் திரைக்கு வந்ததும் அந்தத் தேதியே. பட்டியல் நீள்வதில் வியப்பில்லை. வரலாறு எத்தனை நூற்றாண்டு நீண்டாலும் அதன் நிகழ்ச்சிகள் அனைத்தும் 366 தேதிகளுக்குள் அடங்கியாக வேண்டும். புகழ்பெற்றோர் பத்தாயிரம் பேரின் பிறந்தநாள்களைத் திரட்டினால், சராசரியாகத் தேதிக்கு 27 பேர் வந்துவிடுவார்கள்.

பலரையும் திகைக்க வைப்பது, மிகச் சிறிய கூட்டத்திலும் ஒற்றுமை தோன்றிவிடுவதுதான். ஓர் அறைக்குள் ஒவ்வொருவராக நுழைகிறார்கள் என்று கொள்வோம். பிப்ரவரி 29ஐ ஒதுக்கிவிடுவோம். இரண்டாமவரின் பிறந்தநாள் முதலாமவரின் நாளில் விழாமலிருக்க 365இல் 364 பங்கு வாய்ப்பு உண்டு. மூன்றாமவர் இரண்டு தேதிகளைத் தவிர்க்க வேண்டும்; எனவே 363 பங்கு. பத்தாமவர் ஒன்பது தேதிகளையும், இருபத்துமூன்றாமவர் இருபத்திரண்டு தேதிகளையும் தவிர்த்தாக வேண்டும். ஒருவருக்கும் ஒருவரோடும் ஒத்துப்போகாமலிருக்க இந்தத் தவிர்ப்புகள் ஒன்றுவிடாமல் நடந்தேற வேண்டும் என்பதால், பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்குகிறோம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பின்னமும் ஒன்றுக்கு மிக அருகில் இருக்கிறது. பெருக்கப் பெருக்கத்தான் தேய்கிறது. பத்துப் பேர் சேரும்போது யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு சுமார் 12 விழுக்காடு; இருபது பேருக்கு 41; இருபத்துமூன்று பேருக்கு 50.7. ஐம்பது பேர் சேர்ந்துவிட்டால் அது 97 விழுக்காட்டைத் தொட்டுவிடும்.

இவ்வளவு வேகமாக ஏறுவதற்குக் காரணம், இங்கே எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, ஜோடிகளை என்பதே. பத்துப் பேருக்குள் 45 ஜோடிகள். இருபது பேருக்குள் 190. ஆட்கள் இருமடங்கானால் ஜோடிகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன. இருபத்துமூன்று பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் 365இல் ஒரு பங்கு வாய்ப்புள்ள ஒரு தனி முயற்சி போலவே செயல்படுகிறது.

இப்போது கேள்வியைச் சற்றே மாற்றி, 'என்னுடைய பிறந்தநாளிலேயே பிறந்தவர் ஒருவராவது இருப்பாரா?' என்று கேட்டுப் பாருங்கள். பாதி வாய்ப்பை எட்ட 23 பேர் போதமாட்டார்கள். உங்களைத் தவிர 253 பேர் வேண்டும். முன்பு ஜோடிகளின் எண்ணிக்கையாக வந்த அதே 253 இங்கே ஆட்களின் எண்ணிக்கையாக வந்து நிற்கிறது. இரண்டு இடத்திலும் 365இல் ஒரு பங்கு வாய்ப்பை 253 முறை முயல்கிறோம் என்பதே இதன் பொருள். நம் மனம் எப்போதும் இரண்டாவது கேள்வியையே நினைத்துக்கொள்கிறது. உலகமோ முதல் கேள்விக்கான விடைகளை நம் முன்னே கொட்டிக்கொண்டிருக்கிறது.

வாசகரின் கேள்விக்கு இனி நேரடியாகவே விடை சொல்லலாம். மறைந்த பெரும் அறிவியலாளர் 25 பேரின் பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் எழுதினால் 50 தேதிகள் கிடைக்கும். அவற்றுக்குள் 1225 ஜோடிகள். அதை 365ஆல் வகுத்தால், சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட ஒற்றுமைகளை எதிர்பார்க்கலாம். அப்படிப்பட்ட இரண்டு ஹாக்கிங்கிடம் வந்து சேர்ந்தன. வேறொருவரிடம் சேர்ந்திருந்தால் அவரைப் பற்றி இதே கேள்வி எழுந்திருக்கும். தாம் பிறந்த அன்று உலகில் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கக்கூடும் என்று ஹாக்கிங்கே கணக்கிட்டு எழுதியிருக்கிறார். மறுபிறவி, எண் ஜோதிடம் என்று நம் காதில் ஓதுபவர்கள் ஒருபோதும் கணக்கில் சேர்க்காதது அந்த இரண்டு லட்சத்தைத்தான். பிறந்த தேதியை வைத்து ஒருவரின் திருமணத்தையோ வேலையையோ தீர்மானிக்கும் வழக்கம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

எல்லா ஒற்றுமைகளும் தானாக நேர்பவை அல்ல. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவதால் மார்ச் 14, 3.14 என்று படிக்கப்படுகிறது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் 'பை' (π) எண்ணின் தொடக்க இலக்கங்கள் அவை. அதனால்தான் சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அருங்காட்சியகத்தில் 1988இல் லாரி ஷா 'பை நாள்' கொண்டாட்டத்தைத் தொடங்கினார். 2019இல் யுனெஸ்கோ அதே தேதியையே உலகக் கணித நாளாக அறிவித்தது. ஒரு கொண்டாட்டம் நிலைத்த தேதியில் அடுத்ததும் வந்து ஒட்டிக்கொள்வது இயல்பே. இங்கே நிகழ்தகவுக்கு வேலையில்லை.

கணினிப் பாதுகாப்பிலோ இதே ஜோடிக் கணக்குக்கு முதன்மையான வேலை இருக்கிறது. ஒரு கோப்புக்கு 128 பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம்) நீளமுள்ள அடையாள எண்ணைத் தரும் முறையில், ஒரே எண் கொண்ட ஏதோ இரு கோப்புகளைக் கண்டுபிடிக்க 2இன் 128ஆம் அடுக்கு அளவுக்கு முயல வேண்டியதில்லை. 2இன் 64ஆம் அடுக்கு அளவே போதும். அப்படி இரண்டு கிடைத்துவிட்டால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நுழைத்து ஏமாற்றிவிடலாம். பிறந்தநாள் புதிரை வேடிக்கைக் கணக்கு என்று ஒதுக்கியிருந்தால் இந்த ஆபத்து புரிந்திருக்காது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டுவிட்டு அடிப்படைக் கணித ஆய்வுக்கான நிதியைக் குறைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

தேதி ஒற்றுமைகளை நம்புவதற்கு முன் நாட்காட்டியையும் பார்த்தாக வேண்டும். பழைய ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளமானது. அந்தப் பிழை சேர்ந்து சேர்ந்து பத்து நாளானதால், 1582இல், இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியை உடனே ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. இங்கிலாந்து 1752 வரை பழையதையே பின்பற்றியது. கலிலியோ மறைந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று பெருமையாகச் சொல்லப்படுவதற்கு அடிப்படை, அவர் பிறந்த நாளாக இங்கிலாந்தில் பதிவான 1642 டிசம்பர் 25. கலிலியோ வாழ்ந்த இத்தாலியின் நாட்காட்டியில் அது 1643 ஜனவரி 4.