பீருக்குத் தூக்கம், ரம்முக்குச் சண்டை: இரைப்பையின் வாசலில் நடப்பது என்ன?

மாடி அறைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் அறிவியல் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. பீர் அடிச்சா எனக்குத் தூக்கம் வருது. பிராந்தி அடிச்சா அமைதியா இருப்பேன். ரம் அடிச்ச அன்னைக்கு மட்டும் வீட்ல சண்டை. எல்லாத்துலயும் இருக்கிறது ஒரே ஆல்கஹால்தான்னு பையன் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்து சொல்றான். ஒண்ணுதான்னா ஏன் வேற வேற மாதிரி ஏறுது?"

பையன் சொன்னது சரி. அதற்காக அப்பா சொன்னது பொய் என்று ஆகிவிடாது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் அன்று சாயங்காலம் வரை அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் படித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடுகிறது. பனங்கள்ளோ, பார்லி பீரோ, திராட்சை ஒயினோ, கரும்பு ரம்மோ, எல்லாவற்றிலும் போதை தருவது அந்த எத்தனால்தான். மூளைக்குப் போனதும், நரம்பு செல்கள் சேதி வாங்கும் இடங்களான ஏற்பிகளில் வேலை செய்கிறது: நரம்புகளை அடக்கும் காபா ஏற்பிகளுக்கு வலுவூட்டுகிறது, தூண்டிவிடும் குளுட்டமேட் ஏற்பிகளை மட்டுப்படுத்துகிறது. அங்கே போய்ச் சேரும்போது அது பீரிலிருந்து வந்ததா, பிராந்தியிலிருந்து வந்ததா என்பதற்கு எந்த அடையாளமும் மிஞ்சியிருக்காது.

முதலில் அளவைப் பார்ப்போம். நம் ஊர்க் கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி எதை எடுத்துப் பார்த்தாலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். இந்த விநோதமான எண் பிரிட்டிஷ்காரர்களின் 'ப்ரூஃப்' கணக்கிலிருந்து வந்தது. அவர்களுக்கு 57.1 சதவீதம் என்றால் 100 ப்ரூஃப். அதில் முக்கால் பங்கு, அதாவது 75 ப்ரூஃப், 42.8. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு குவார்ட்டர், 180 மில்லி. அதில் எத்தனால் ஏறக்குறைய 61 கிராம். கட்டிங் என்றால் 90 மில்லி, 30 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் முழுவதும் குடித்தாலும் 26 கிராம்தான். ஒரு முழு பாட்டில் பீர் ஒரு கட்டிங்கைவிடக் குறைவு! 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் அதே பாட்டிலில் 41 கிராம். "நான் வெறும் பீர்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லும்போது எந்த பீர் என்றும் கேட்க வேண்டும்.

அளவு மட்டும்தான் காரணமா? இல்லை. 2014-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 15 ஆண்களுக்கு வெறும் வயிற்றில், உடல் எடையில் கிலோவுக்கு அரை கிராம் எத்தனால், 20 நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு இது சரியாக ஒரு கட்டிங். ஒருநாள் அதை 5 சதவீத பீராகக் கொடுத்தார்கள், இன்னொரு நாள் 12.5 சதவீத ஒயினாக, மற்றொரு நாள் டானிக் (மருந்து இல்லை, லேசாகக் கசக்கும் ஒரு சோடா) கலந்து 20 சதவீதமாக்கிய வோட்காவாக. ஆள் அதே ஆள், எத்தனாலும் அதே கிராம். ஆனால் பீர் குடித்த நாளில் 100 மில்லி ரத்தத்தில் அதிகபட்சமாக 50 மில்லிகிராம், அதுவும் ஒரு மணி நேரம் கழித்து. ஒயினுக்கு 62 மில்லிகிராம், 54 நிமிடத்தில். வோட்காவுக்கோ 77 மில்லிகிராம், வெறும் 36 நிமிடத்தில். (நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 30. மூன்றுமே அதைத் தாண்டிவிட்டன என்பதையும் கவனியுங்கள்.)

இந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது? இந்தக் கட்டுரையை நான் ஆசையோடு எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. பெயர் பைலோரஸ். கிரேக்க மொழியில் வாயிற்காவலன் என்று அர்த்தம். பெயர் வைத்தவர் யாரோ, அவ்வளவு பொருத்தம். இரைப்பைச் சுவர் எத்தனாலை உறிஞ்சும், ஆனால் மெதுவாக. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே போகும். மீதியெல்லாம் சிறுகுடலின் வேலை. குடலின் உள்பக்கம் மடிப்பு மடிப்பாக, அந்த மடிப்பின் மேல் விரல் விரலாக உறிஞ்சிகள். விரித்துப் போட்டால் 30 சதுர மீட்டர் அளவில் வரும். "இன்னைக்குக் காலையில அடிச்ச மூணு சுவர் அளவு" என்றேன். பெயிண்டர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். இரைப்பையில் கிடக்கும் சரக்கு அந்தப் பரப்பைத் தொட்டதுமே ரத்தத்தில் ஏற ஆரம்பித்துவிடும். ஆகவே யாருக்கு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதில் பெரும்பங்கு இந்த வாசல் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

காவலன் எதையெல்லாம் பார்க்கிறான் தெரியுமா? திட உணவு என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாக அரையும் வரை விடுவதில்லை. திரவத்தை விட்டுவிடுவான். ஆனால் வாசலுக்கு அப்பால், சிறுகுடலின் முதல் சில அங்குலங்களில், வந்ததை ருசி பார்க்கும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. கொழுப்போ சர்க்கரையோ வருவது தெரிந்தால் அவை ஹார்மோனைச் சுரந்து, "போதும், மெதுவாக அனுப்பு" என்று மேலே சேதி அனுப்பும். வாசல் இறுகும். இப்படி ஒரு நிமிடத்துக்கு இரண்டு, மூன்று கலோரி என்று அளந்து அளந்துதான் உணவு கீழே இறங்குகிறது. ரேஷன் கடையில் அளந்து போடுவது போல. நம் விருப்பம் எதுவும் இதில் இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, தூங்கும்போதுகூட இந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் பல புதிர்கள் தாமாகவே அவிழும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏன் மெதுவாக ஏறுகிறது? வாசல் மூடியிருக்கிறது. பீர் ஏன் மெதுவாக ஏறுகிறது? நீர்த்திருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2006-இல் எட்டுப் பேருக்கு ஒரே அளவு வோட்காவை ஒருமுறை சர்க்கரை போட்ட பானத்தில் கலந்து கொடுத்தார்கள், ஒருமுறை செயற்கை இனிப்பு போட்ட டயட் பானத்தில். சர்க்கரை பானத்தில் பாதி வயிறு காலியாக 36 நிமிடம், டயட்டில் 21 நிமிடம். ரத்தத்தில் எத்தனாலின் உச்சமும் டயட்டில் ஒன்றரை மடங்குக்கு மேல் போனது. எடை கூடிவிடும் என்று டயட் கோலாவில் கலந்து குடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோடாவின் வாயுவும் பலருக்கு வேகத்தைக் கூட்டுகிறது. 21 பேரில் 14 பேருக்கு அப்படி ஆனது என்று 2007-இல் ஓர் ஆய்வு வந்தது.

அப்புறம் மிக்ஸிங். 30 சதவீதத்துக்கு மேல் செறிவான சாராயம் இரைப்பையின் உள்சவ்வை எரிக்கிறது, வாசலும் இறுகிப்போகிறது. மிக வேகமாக ஏறுவது 20 முதல் 30 சதவீதம் வரையான கலவைதான். 42.8 சதவீதச் சரக்கில் ஒன்றுக்கு ஒன்று சோடா ஊற்றினால் எவ்வளவு? 21.4. எந்தக் கணக்கும் தெரியாமலேயே நம் ஆட்கள் மிக வேகமான அளவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு ராவாக அடிப்பது நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம்; அது வயிற்றைப் புண்ணாக்கும்.

சரி, வேகமாக ஏறினால் என்ன? இரண்டு விஷயம். ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது ஆளுக்கு உற்சாகம், பேச்சு, துணிச்சல். இறங்கும்போது சோர்வு, தூக்கம். அளவு ஒன்றாகவே இருந்தாலும் ஏறும்போது தடுமாற்றம் அதிகம், இறங்கும்போது குறைவு என்பதை மெல்லன்பி என்ற ஆங்கிலேயர் 1919-லேயே கண்டார். பீர் சாய்வுப் பலகை போல மெதுவாக ஏறி இறங்குகிறது. பத்து நிமிடத்தில் முடித்த குவார்ட்டர் செங்குத்தான ஏணி. பெயிண்டரின் பீர்த் தூக்கத்துக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. இன்னொன்று கல்லீரல். அது மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். அவசரப்படுத்த முடியாது, மோரோ எலுமிச்சையோ காபியோ அதை வேகப்படுத்தாது. 61 கிராம் குவார்ட்டரைத் தீர்க்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் பிராந்திக்கும் ரம்முக்கும்? இரண்டும் 42.8, இரண்டும் குவார்ட்டர், இரண்டிலும் ஒன்றுக்கு ஒன்று சோடா. வாசல் கதை இங்கே உதவாது. நான் அவருடைய டப்பாக்களைக் காட்டினேன். வெள்ளை பேஸ் ஒரு வாளி. பக்கத்தில் சின்னச் சின்ன ஸ்டெயினர் பாட்டில்கள், மஞ்சள், சிவப்பு, கறுப்பு. "இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் பேஸ் ஒண்ணுதானே அண்ணே?" "ஆமா சார், ஸ்டெயினர்தான் வேற." நம் நாட்டில் விற்கும் விலை குறைந்த பிராந்தி, ரம், விஸ்கி பெரும்பாலானவற்றின் கதையும் இதுதான். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சி, வாசனை ஏதும் இல்லாத அளவுக்குச் சுத்திகரித்த நியூட்ரல் ஸ்பிரிட்தான் பேஸ். அதில் கேரமல் நிறமும் மணமும் சேர்கின்றன, சிலவற்றில் கொஞ்சம் உண்மையான திராட்சை அல்லது மால்ட் ஸ்பிரிட்டும் கலக்கிறது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நீண்ட காலம் மரப்பீப்பாயில் ஊறிய மதுவில் எத்தனாலோடு வேறு சில பொருள்களும் இருக்கும், கான்ஜெனர்கள் என்பார்கள். அவை மறுநாள் தலைவலியைக் கூட்டும். 2010-இல் வந்த ஆய்வில், பீப்பாயில் ஊறிய அமெரிக்க விஸ்கியான போர்பன் குடித்தவர்களுக்கு, வோட்கா குடித்தவர்களைவிட ஹேங்ஓவர் கடுமையாக இருந்தது. ஆனால் தூக்கத்திலும் வேலைத் திறனிலும் வித்தியாசம் இல்லை. "பீருக்கு மேல பிராந்தி ஊத்தினா தலை வெடிக்கும்" என்ற நம்பிக்கை ஜெர்மானியருக்கும் உண்டு, ஒயினும் பீருமாக. அங்கே 90 பேரை வைத்து வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். வரிசைக்கும் தலைவலிக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியென்றால் ரம் சண்டை எங்கிருந்து வருகிறது? ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 1975-இல் 96 ஆண்களை வைத்து அழகான ஒரு சோதனை செய்தது. குளிர்ந்த டானிக் தண்ணீரில் வோட்கா கலந்தால் ருசியில் கண்டுபிடிக்க முடியாது. பாதிப் பேருக்கு வோட்கா தருகிறோம் என்று சொன்னார்கள். ஆனால் அதில் ஒரு பாதிக்கு வெறும் டானிக்தான். மற்றவர்களுக்கு வெறும் டானிக் என்று சொன்னார்கள். அதிலும் பாதிக்கு வோட்கா. பிறகு ஏதோ ஒரு சாக்குச் சொல்லி, எதிரே இருக்கும் ஆளுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். கடுமையான அதிர்ச்சி கொடுத்தது யார்? வோட்கா குடித்திருக்கிறோம் என்று நம்பியவர்கள். உள்ளே உண்மையில் வோட்கா இருந்ததா என்பது அந்தச் சோதனையில் பொருட்டாகவே இல்லை. எத்தனாலே கோபத்தைக் கூட்டும் என்பதைப் பிற்பாடு வந்த ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ரம்முக்குச் சண்டை, பிராந்திக்கு அமைதி என்ற வித்தியாசத்தை உண்டாக்குவது அந்த நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன். யாரோடு, எந்த நாளில், என்ன மனநிலையில் ரம் வாங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டதும் அவரே சொன்னார்: "கூலி பாக்கி நிக்கிற அன்னைக்குத்தான் சார் ரம் வாங்குவேன்."

இதே நம்பிக்கையின் ஆபத்தான வடிவம் ஒன்று உண்டு. பிராந்தி சூடு, பீர் குளிர்ச்சி என்பார்கள். எத்தனால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். கதகதப்பாகத் தெரியும், உண்மையில் உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கும். பீர் குளிர்ச்சியாகத் தெரிவது ஃப்ரிட்ஜில் இருந்ததால்தான். சளி பிடித்த குழந்தைக்குப் பிராந்தி சில சொட்டு கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். சின்னக் குழந்தைக்கு எத்தனால் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

டாஸ்மாக் மூலம் அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது. நம்மவர்கள் பசியோடு, வேலை முடிந்த கையோடு, பத்து நிமிடத்தில் குவார்ட்டரைக் காலி செய்யும் விதம் அந்த அமெரிக்க ஆய்வில் குடித்தவர்களின் விதம் இல்லை. நம் உடலில், நம் சாப்பாட்டோடு, நம் வேகத்தில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்க அந்தப் பணத்தில் ஒரு துளி போதும். நம் மருத்துவக் கல்லூரிகளில் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள்.

போதை தருவதெல்லாம் ஒரே மூலக்கூறு என்று சொன்னேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மெத்தனால், எத்தனாலைவிட ஒரு கார்பன் குறைவு. பார்வைக்கும் வாசனைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், லேசாகப் போதையும் தரும். எத்தனாலைச் சிதைக்கும் அதே கல்லீரல் நொதி இதை ஃபார்மால்டிஹைடாகவும், அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிவிடுகிறது. அந்த அமிலம் செல்களை மூச்சுவிட முடியாமல் செய்கிறது. முதலில் போவது கண் நரம்பு. பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தது இதனால்தான். அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல்தான் ஈர்ப்பு அதிகம். அதனால் ஃபோமெபிசோல் என்ற மருந்து கிடைக்காதபோது மருத்துவமனையில் எத்தனாலையே அளந்து ஏற்றுவார்கள். நொதி அதில் மும்முரமாக இருக்க, மெத்தனால் மாறாமலேயே மெல்ல வெளியேறும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் திட்டில் அவருடைய தண்ணீர் பாட்டிலையும், அதன் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பாட்டிலையும் பார்த்தேன். கதவுக்கு பாலிஷ் போட வைத்திருந்த ஸ்பிரிட், மெத்தனால் கலந்தது. அவர் எழுந்து போய், தட்டிலிருந்த சிவப்பில் பிரஷ்ஷைத் தோய்த்து, அந்த பாட்டிலைச் சுற்றி மூடி வரைக்கும் பட்டையாகப் பூசினார். அப்புறம் அதைப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.