அயிரைக்கு வேண்டியது அயிர்

பழந்தமிழில் அயிர் என்றால் நுண்மணல். அயிரை மீன் எங்கே பிழைக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்தச் சொல்லே பாதி விடை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இது விரலளவு மீன், 8 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. அறிவியல் பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். 1846இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியன் இதை விவரித்தது திருகோணமலை கன்னியா வெந்நீரூற்று மீனை வைத்து. பெயரில் சூடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

கணுக்கால் முதல் முழங்கால் வரை ஆழம், மெல்ல நகரும் தண்ணீர், அடியில் இளகிய மணல்: இவ்வளவுதான் அதன் வீடு. ஆபத்தென்றால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். இரை தேடும்போது மணலை வாயில் அள்ளி, புழுவையும் மட்கையும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே விடும். சமைக்கும் முன் உயிரோடு பாலில் விடுவது அந்த மணலைக் கக்க வைக்கத்தான்.

மணலை அள்ளிவிட்டால் களியோ பாறையோ மிஞ்சும். தண்ணீர் நிற்கும், அயிரை நிற்காது. வாய்க்காலின் தரைக்கும் சேர்த்துச் சிமெண்ட் பூசுவதும் அதே கேடுதான், ஆனால் அதை யாரும் கேடாக நினைப்பதில்லை. பக்கச்சுவரோடு நிறுத்தி, தரையை மண்ணாகவே விடலாம்.

ஓடையைச் சோதிக்க விரலை மணலில் இறக்குங்கள். தடையின்றி இறங்கினால் நல்லது. மேலே சேறு படிந்து, கீழே கறுத்து நாறினால் கழிவு கலந்திருக்கலாம். "அயிரை உயிரோடுதானே இருக்கிறது" என்று ஏமாற வேண்டாம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும் மீன் இது. அடிக்கடி மேலே வந்து போனால் தண்ணீர் கெட்டுவிட்டது என்றே பொருள்.

புதுவெள்ளத்தில் சினை மீன்கள் வயல் வாய்க்கால்களுக்கு ஏறும்போது மடையில் கொசுவலை கட்டுவதுதான் மிக மோசம். குஞ்சு குறுமீன் எதுவும் தப்பாது. அயிரையின் கண்ணுக்குக் கீழே கவட்டை முள் ஒன்று உண்டு. அது வலையில் சிக்கினால், பிய்த்தெடுக்கும்போது மீன் காயப்படும். கிண்ணத்தால் மொண்டெடுப்பதே சரி.

தொட்டியில் வளர்ப்பவர்கள் 5 செ.மீ. உயரத்துக்கு நுண்மணல் பரப்புங்கள். கூர்மையான சரளை மீசைகளைத் தேய்த்துப் புண்ணாக்கும். வடிகட்டியின் உறிஞ்சு குழாய்க்குப் பஞ்சு கட்டுங்கள், மேலே மூடி போடுங்கள். துள்ளி வெளியே விழும். அலுத்துப்போனால் ஆற்றில் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டி நோயும் கூடவே போகும்.