"எனக்கு உறுதியாகத் தெரியும்": அந்த உறுதி எங்கிருந்து வருகிறது?

மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்களே சொல்லுங்க, எங்க ரெண்டு பேர்ல யார் சொல்றது உண்மை?" கணவன் மனைவி கேட்கிறார்கள். அண்ணன் தங்கை கேட்கிறார்கள். வளர்ந்த மகனை அழைத்துக்கொண்டு வரும் அம்மா கேட்கிறார். பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. தான் சொல்வதுதான் நடந்தது என்பதில் இருவருக்குமே துளி சந்தேகம் கிடையாது. "உறுதியாகத் தெரியும்" என்பது ஓர் உணர்வு. பசி, பயம் போல அதுவும் மனதுக்குள் உண்டாவது. நடந்ததற்கான ஆதாரம் வேறு, இந்த உணர்வு வேறு. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதால் உடைந்த உறவுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "அவரவர் உண்மை அவரவருக்கு" என்ற பேச்சு இப்போது ஆலோசனை அறைகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதை நான் ஏற்பதில்லை. உண்மை என்றால் என்ன என்று தத்துவத்தில் பல கட்சிகள் உண்டு. தெரிந்த மற்றவற்றோடு முரணில்லாமல் பொருந்துவதே உண்மை என்பவர்கள் இருக்கிறார்கள். நடைமுறையில் கைகொடுப்பதே உண்மை என்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளதை உள்ளது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்வதே உண்மை என்ற அரிஸ்டாட்டிலின் பழைய விளக்கம் என் தொழிலுக்குப் போதும். அடி விழுந்தது, அல்லது விழவில்லை. அந்த அடி ஒருவருக்கு எப்படி வலித்தது என்பது தனிக் கேள்வி, அதுவும் மிக முக்கியமான கேள்வி. ஆனால் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லும் ஒரு பெண்ணிடம் "அது உங்கள் உண்மை" என்று பதில் சொன்னால், கொடுமை செய்தவருக்கும் ஓர் உண்மை இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வாசகம் அன்பாகத் தெரியலாம். அதில் நியாயம் இல்லை.

நடந்தது ஒன்றுதான். அதைத் தீர்மானிக்கும் நம் மனம்தான் பல வழிகளில் சறுக்குகிறது. நம் தருக்க மரபில், அறிவு வந்து சேரும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றாகப் பிரித்தார்கள். நேரில் கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, பிறர் சொல்லக் கேட்டது. எனக்கு இந்தப் பிரிவு மிகவும் பிடிக்கும். வருபவர்களிடம், "இது நீங்கள் பார்த்ததா, நினைத்துக்கொண்டதா, யாராவது சொன்னதா?" என்று கேட்டாலே பாதிச் சண்டைகளின் சூடு தணிந்துவிடும். "பார்த்தேன்" என்று தொடங்கியவர் இரண்டு நிமிடத்தில் "அப்படித்தான் இருந்திருக்கும்" என்று வந்து நிற்பார்.

நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி கேட்டுத் தெரிந்தவைதான். நம் பிறந்த நாளையே நாம் பிறர் சொல்லித்தான் அறிந்திருக்கிறோம். அதில் தவறில்லை, வேறு வழியுமில்லை. ஆனால் கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றத் தொடங்குகிறது. 1977-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குச் சில வார இடைவெளிகளில் பல பொதுத் தகவல்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். சரியானதோ தவறானதோ, மறுபடி மறுபடி வந்த வாக்கியங்களுக்கு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது. பிறகு பல ஆய்வுகளில் இதே முடிவு கிடைத்திருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்றுதான் நம்பினார்கள். சரியான பதில் தெரிந்தவர்களிடமும் இந்த விளைவு இருப்பதை 2015-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பழக்கப்பட்ட வாக்கியத்தை மனம் சிரமமில்லாமல் படித்துவிடுகிறது. அந்தச் சிரமமின்மையைத்தான் நாம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே வதந்தி நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் வந்தால் நான்கு சாட்சிகள் கிடைத்ததுபோல நமக்குத் தோன்றுகிறது. அது ஒரே வாய் நான்கு முறை பேசியதுதான்.

வதந்தியைவிட என்னை வருத்துவது வீட்டுக்குள் நடக்கும் திரும்பச் சொல்லல். "இவனுக்குப் பொறுப்பே கிடையாது", "அவ எப்பவுமே சுயநலம்", "இது மந்தம்." ஐந்து வயதில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியம், இருபத்தைந்து வயதுக்குள் ஆயிரம் தடவை காதில் விழுந்திருக்கும். என் முன்னால் உட்கார்ந்து "நான் மந்தமானவன் சார், அது உண்மைதானே" என்று சொல்லும் இளைஞருக்கு அது ஒரு கருத்தாகவே தெரிவதில்லை. தன் உயரம், எடைபோல அதையும் ஒரு தகவலாகச் சொல்கிறார். எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் நெடுநேரம் யோசிக்கிறார், உருப்படியான சம்பவம் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. பெற்றோர்களே, தயவுசெய்து குழந்தை செய்த செயலைக் கண்டியுங்கள். குழந்தை இன்னது என்று பெயர் சூட்டாதீர்கள். சூட்டிய பெயரை உங்களாலேயே பிறகு கழற்ற முடியாது.

கூட்டத்தின் அழுத்தமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை மிக எளிமையானது. ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான பதிலைச் சொன்ன சுற்றுகளில், அந்த ஒருவர் சொன்ன பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்துபோனது. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அப்படிச் சொன்னார்கள். இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படும் பகுதி வேறு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், இணங்கிப்போவது பெருமளவு குறைந்துவிட்டது. அதனால்தான் குடும்பமாக வருபவர்களிடம் யாரும் வாய் திறப்பதற்கு முன்பு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நடந்ததைத் தனித்தனியே எழுதச் சொல்கிறேன். பேசவிட்டால் முதலில் பேசுபவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும். வீட்டில் எப்போதும் மௌனமாக இருப்பவரின் தாளில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

சரி, நேரில் பார்த்தது? அதுவாவது கலப்படமில்லாமல் இருக்குமா? எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974-இல் வெளியிட்ட சோதனையை ஆலோசனைக்கு வருபவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். சிலரிடம் "கார்கள் ஒன்றையொன்று நொறுக்கியபோது என்ன வேகம்?" என்றும், சிலரிடம் வெறுமனே "மோதியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. மோதியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். நொறுக்கியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். கேள்வியில் இருந்த ஒரே ஒரு சொல், இல்லாத கண்ணாடியைச் சிலருடைய நினைவுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டது.

நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதும் துணைக்கு வருவதில்லை. 1986 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய மறுநாள், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டோம் என்று மாணவர்களை எழுதவைத்தார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை வருடம் கழித்து அதே மாணவர்களிடம் மறுபடி கேட்டபோது, பலர் முற்றிலும் வேறு இடத்தையும் வேறு ஆட்களையும் சொன்னார்கள். தவறாகச் சொன்னவர்களில் பலர் மிக உறுதியாகவும் சொன்னார்கள். அமெரிக்காவில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, பின்னர் டிஎன்ஏ பரிசோதனையால் நிரபராதிகள் என்று நிரூபிக்கப்பட்ட வழக்குகளில், பாதிக்கும் அதிகமானவற்றில் சாட்சி ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருந்தார். அந்தச் சாட்சிகளில் எத்தனையோ பேர் மனதறிய உண்மையைத்தான் சொன்னார்கள்.

இதிலிருந்து இரண்டு எச்சரிக்கைகள். ஒரு குழந்தை தனக்கு ஏதோ நடந்ததாகச் சொன்னால், "அவர் இப்படிச் செய்தாரா, அப்படிச் செய்தாரா?" என்று நீங்களே விவரங்களை எடுத்துக்கொடுக்காதீர்கள். "என்ன நடந்தது, சொல்லும்மா", "அப்புறம்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்துவிட்டு, முறையாகப் பயிற்சி பெற்றவர்களிடம் அழைத்துச் செல்லுங்கள். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்டால் குழந்தையின் நினைவும் கலங்கும், பின்னர் அந்த வாக்குமூலத்தின் மீது சந்தேகமும் கிளப்பப்படும். இரண்டாவது, நினைவு தவறக்கூடியது என்ற இந்த அறிவை ஆயுதமாக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். "நீயா கற்பனை பண்ணிக்கிற, உனக்கு ஞாபகமே சரியில்ல" என்று நாள்தோறும் சொல்லி ஒருவரைத் தன் மனதையே நம்பாதவராக ஆக்கிவிடுவார்கள். நினைவு பிசகுவது எல்லோருக்கும் பொது. உங்கள் நினைவு மட்டும்தான் எப்போதும் தவறு, அவருடையது எப்போதும் சரி என்றால் அங்கே பிரச்சினை நினைவில் இல்லை. அப்படிப்பட்ட உறவில் இருப்பவர்கள் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

ஊகத்துக்கு வருவோம். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் ஒரு புதிர் கொடுத்தார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோர் "இரண்டிரண்டாகக் கூடுகிறது" போன்ற ஒரு விதியை நினைத்துக்கொண்டு 8, 10, 12 என்று சொல்லிப் பார்த்தார்கள். பொருந்துகிறது என்று பதில் வந்தது. இப்படியே இன்னும் சில, பிறகு உறுதியாக அறிவித்துவிட்டார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 29 பேரில் 6 பேர்தான் முதலில் தவறாக அறிவிக்காமல் சரியானதைச் சொன்னார்கள். 1, 2, 9 என்று, தன் விதி உடையுமா என்று சோதித்துப் பார்க்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. துணைமேல் சந்தேகம் கொண்டவர் செய்வதும் இதைத்தான். தாமதமாக வந்தால் ஆதாரம், சீக்கிரம் வந்தால் நடிப்பு, கோபப்பட்டால் குற்ற உணர்ச்சி, சிரித்தால் மழுப்பல். எது நடந்தாலும் உறுதியாகும் ஒரு சந்தேகத்தை எதுவுமே உறுதி செய்யவில்லை என்று அர்த்தம். "மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வந்த அலசலில், 24,000-க்கும் அதிகமானோர் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப்போட்டால் 50.

மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிவாற்றல் சிகிச்சையில் இதற்கு ஒரு பயிற்சி உண்டு, அதைத்தான் நானும் தருகிறேன். நம்புவதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று பக்கத்தில் போடுங்கள். ஆதரவான சான்றுகள் ஒருபுறம், எதிரானவை மறுபுறம். "பயமாக இருக்கிறது" என்பதைச் சான்று வரிசையில் சேர்க்கக் கூடாது. கடைசியாக நான் சேர்த்துக்கொள்ளும் கேள்விதான் எல்லோரையும் திணறடிக்கிறது: எது நடந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடுவீர்கள்? பதிலாக ஏதாவது எழுத முடிந்தவரோடு பேசி முன்னே போகலாம். என் துறையும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்துபார்த்து 2015-இல் வெளியிட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றில்தான் தெளிவான முடிவு மீண்டும் கிடைத்தது. எங்களுக்கு அது வலித்தது. ஆனாலும் தன் முடிவுகளைத் தானே மறுபடி சோதித்து வெளியிட முன்வந்த துறை என்பதால்தான் அதன்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

"எது நடந்தாலும் விடமாட்டேன்" என்று பதில் வருவதும் உண்டு. வீம்புக்குச் சொல்பவர்களைப் பற்றிப் பேசவில்லை. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள், தன் எண்ணங்களை வெளியே இருந்து கேட்கிறார்கள் என்று எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத உறுதியோடு ஒருவர் இருந்தால், அது விவாதித்துத் தீரும் விஷயம் இல்லை. அது மருட்சியாக இருக்கலாம், சிகிச்சை உள்ள நோயின் அறிகுறி. வீட்டில் இருப்பவர்கள் "அப்படி ஒண்ணும் இல்ல, பைத்தியக்காரத்தனமா பேசாதே" என்று வாதாடினால், அவர் உங்களையும் எதிரிகளின் பட்டியலில் சேர்த்துவிடுவார். ஆமாம் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "உனக்கு எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது, நான் கூட இருக்கேன்" என்று அவருடைய பயத்தோடு பேசுங்கள், ஏனென்றால் அந்தப் பயம் உண்மை. தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். "தூக்கம் சரியாவதற்கு டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொன்னால் பலர் வருவார்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்வார் என்ற அச்சம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள்.