வழிதப்பியா, கூண்டுதப்பியா?

தன் இனம் வாழும் எல்லையையும் வலசைப் பாதையையும் விட்டு வெகுதொலைவில், யாரும் கொண்டுவராமல் தானே பறந்து வந்து நிற்கும் பறவையை, பறவை நோக்குவோர் ‘வேக்ரன்ட்’ என்பார்கள். அலைதல் என்று பொருள்படும் ‘வகாரி’ என்ற லத்தீன் வினையோடு உறவுடைய சொல். பறவைக்கு வருமுன் இது மனிதர்மேல் விழுந்த வசவு: வீடுவாசல் இல்லாமல் திரிபவரைத் தண்டிக்க இங்கிலாந்தில் 1824-இல் போட்ட சட்டத்தின் பெயரே ‘வேக்ரன்சி ஆக்ட்’.

தமிழில் ‘நாடோடிப் பறவை’ என்றால் பொருந்தாது. நாடோடிக்கு அலைவதே வாழ்க்கை. இதற்கோ அது எப்போதோ நேர்ந்த பிசகு. ‘வலசைப் பறவை’ ஆண்டுதோறும் வந்துபோவது. ‘வந்தேறி’ என்றால் வேரூன்றிவிட்டது என்றாகும். ‘வழிதப்பி’ கச்சிதம். கூண்டிலிருந்து ஓடிவந்த ‘எஸ்கேப்பி’க்குக் ‘கூண்டுதப்பி’ என்று இணைச்சொல்லும் கிடைக்கிறது. தவறிப்போவதும் தப்பு, பிழைத்து ஓடுவதும் தப்பு. தமிழ் இரண்டையும் ஒரே வினையில் வைத்திருக்கிறது.

எது என்று பிரித்தறிய முதலில் காலைப் பார்க்க வேண்டும். பண்ணையில் பிறந்த குஞ்சுக்குச் சில நாட்களிலேயே இணைப்பில்லாத முழுவளையத்தை விரல்கள் வழியே நுழைத்துவிடுவார்கள். கால் பருத்தபின் அது கழலாது. காட்டுப்பறவைக்கு ஆய்வாளர் இடும் உலோக வளையம் பொதுவாகத் திறந்து வளைத்து மூடியது, இணைப்புக் கோடு தெரியும். ஆகவே ‘வளையம் இருக்கிறது’ என்று மட்டும் குறித்தால் போதாது. இரு கால்களையும், எழுத்து தெரியும் அளவுக்குப் படமெடுக்க வேண்டும். 2018-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைக் கலக்கிய கிழக்காசிய இனமான மாண்டரின் வாத்தின் காலிலும் வளையம் இருந்தது.

அடுத்தது இறகு. கம்பியில் உரசிய வால்நுனி சிதைந்திருக்கும். ஆனால் ஒருமுறை இறகு உதிர்த்து முளைத்தால் கூண்டின் தடயம் போய்விடும். சிறகு சுத்தமாக இருப்பது எதற்கும் சான்றல்ல. மனிதரைக் கண்டு அஞ்சாததும் அப்படித்தான்: மனிதரையே அறியாத வடதுருவப் பறவையும், களைத்து இறங்கிய பறவையும் நம்மை அருகில் விடும். பருவமும் துணையும் இதைவிட நம்பத்தக்கவை. செம்மார்பு வாத்து பிரிட்டனில் குளிர்காலத்தில் காட்டு வாத்துக் கூட்டத்தோடு மேய்ந்தால் நம்பலாம். ஜூலையில் பூங்காக் குளத்தில் தனியே நின்றால் சந்தேகம்தான்.

இறகுக்குள்ளும் சாட்சி உண்டு. மழைநீரில் ஹைட்ரஜனின் எடைகூடிய வகையான (ஐசோடோப்) கன ஹைட்ரஜனின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். உணவு வழியே இறகில் ஏறி, முளைத்து முடிந்ததும் அப்படியே உறைந்துவிடும். 2005-இல் டென்மார்க்கில் சுடப்பட்ட இளம் பைக்கால் கிளுவை வளர்ப்பு வாத்தா என்ற கேள்வியை இத்தகைய ஐசோடோப் ஆய்வுதான் தீர்த்தது. குஞ்சுப்பருவ இறகு சைபீரியாவைக் காட்டியது, ஆகவே வழிதப்பிதான். அந்த இறகு உதிர்ந்திருந்தால் சாட்சியும் போயிருக்கும்.

பிரிட்டனின் பறவைப் பட்டியலுக்காக வகுத்த பிரிவுகளில், 1950 முதல் இயல்பாக வந்ததாக ஏற்கப்பட்டவை ‘ஏ’ பிரிவு, கூண்டுதப்பிகள் ‘ஈ’. இயல்பாக வந்ததா என்ற நியாயமான ஐயம் தீராதவற்றுக்கு ‘டி’. அதை ‘ஐயப்பட்டியல்’ எனலாம்.

நம்மூர் மின்கம்பியில், நாம் லவ் பேர்ட்ஸ் என்றழைக்கும் பட்ஜெரிகர் கிளி உட்கார்ந்திருந்தால் இவ்வளவு ஆராய வேண்டாம். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. வந்தது பக்கத்துத் தெரு.