ஓசி, சும்மா, குறியெதிர்ப்பை

‘ஓசி’யைப் பச்சைத் தமிழ்ச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இரண்டு ஆங்கில எழுத்துகளின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்கள் தபால் கட்டணம் கட்டாமலே போயின. ‘கம்பெனிப் பணி நிமித்தம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளை உறையின் மேல் பொறித்துவிட்டால் போதும். ஓ.சி.எஸ். என்ற அந்தக் குறியின் வால் அறுந்து ஓசி ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. மலேசியாவின் பினாங்கில் இருந்துகொண்டு இதை நம்புவது எளிது. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்திறங்கியதே கம்பெனிக்காகத்தான். கம்பெனி போய் அரசி வந்தார், அரசி போய் மாமன்னர் வந்தார். உறையின் வழக்கம் மட்டும் போகவில்லை. அரசாங்கத்திடமிருந்து வீட்டுக்கு வரும் கடித உறையை எடுத்துப் பாருங்கள், ‘உருசான் ஸ்ரீ பாதுகா பகிண்டா’ என்று மலாயில் அச்சிட்டிருக்கும். மாமன்னரின் பணி என்று பொருள்.

அந்த எழுத்துகளை ஏன் உறைக்கு வெளியே பொறித்தார்கள்? செலவு யார் கணக்கில் என்பது தபால்காரருக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும். அப்படியானால் ஓசி பிறந்தபோது அதற்கு ‘இலவசம்’ என்று பொருளில்லை. ‘செலவு கம்பெனியுடையது’ என்பதே பொருள். ஊரறியச் செய்த ஓர் அறிவிப்பு அது. கம்பெனி செத்ததும் அறிவிப்பும் செத்துப்போய், இலவசம் மட்டும் மிஞ்சியது. இன்று யாரையாவது ‘ஓசி’ என்றால் சண்டைக்கு வருவார்.

அதனால்தான் காலணி, கூடாரம், கேமரா, தூண்டில் என்று பொழுதுபோக்குக்கான சாமான்களைப் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறவர்கள் யாரும் ‘ஓசியில் வந்தது’ என்று எழுதுவதில்லை. ‘அன்பளிப்பு’ என்பார்கள், ‘நிறுவனத்தின் ஆதரவில்’ என்பார்கள், பெரும்பாலும் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். நானும் அந்தக் கடைசி வகைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையேறும் காலணி ஒன்று பார்சலில் வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெட்டிக்குள் ஓர் அட்டை: ‘எங்கள் அன்பளிப்பு. உங்கள் நேர்மையான கருத்தை வரவேற்கிறோம்.’ அதன் கீழே சிறிய எழுத்தில் 1 கட்டுரை, 3 படங்கள், 14 நாட்கள். தாவரவியல் பூங்கா அருகே மூன் கேட்டிலிருந்து ஏறும் தடத்தில் அதைப் போட்டுக்கொண்டு நான்கு முறை நடந்தேன். ஈரக் களிமண்ணில் நன்றாகப் பிடித்தது, உண்மை. இடது குதிகாலை உரசித் தோலை உரித்தது, அதுவும் உண்மை. முதலாவதை இரண்டு பத்தியில் எழுதினேன். இரண்டாவதற்கு ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று ஒரு வரி. சரியாகவே இல்லை.

அதைப் படித்துவிட்டு என்னோடு மலையேறும் அண்ணன் ஒருவர் 389 ரிங்கிட் கொடுத்து அதே காலணியை வாங்கினார். இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி வழியில் அவருடைய வலது அடிப்பாகம் வாயைப் பிளந்தது. உள்ளே இருந்த நுரை ஊறிய பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரைக்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள நீராவியே அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். போட்டு நடக்காமல் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் இதே கதிதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சீக்கிரமே நடக்கிறது. 14 நாளில் எவருக்கும் இது தெரிந்திருக்காது, காசு கொடுத்து வாங்கியவருக்கும்கூட. அந்தக் குற்றத்தை என் தலையில் போட்டுக்கொள்ளமாட்டேன். குதிகால் வேறு கதை.

ராஃபியா கயிற்றால் அடியையும் மேலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே அவர் கேட்டார்: “உன்னுடையது என்ன விலை, தம்பி?”

“சும்மா கொடுத்தார்கள், அண்ணே.”

இந்தச் ‘சும்மா’ கடல் தாண்டிய சொல். மலாயில் ‘சுமா’ என்று வழங்குவது நம் சும்மாவிலிருந்து போனது என்பார்கள், கடையிலிருந்து ‘கெடாய்’ போனதுபோல, முதலிலிருந்து ‘மோடல்’ போனதுபோல. அதோடு ‘பெர்’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் பேரங்காடிகளில் தொங்கும் ‘பெர்சுமா’: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அதே பெர்சுமாவுக்கு ‘வீண்’ என்றும் பொருளுண்டு. தமிழில் சும்மா அலைவதும் சும்மா கிடைப்பதும் ஒரே சொல்லில் அடங்குவதுபோல, மலாயிலும் இலவசமும் வீணும் ஒரே சொல்லில் படுத்திருக்கின்றன. ஆனால் நான் அண்ணனிடம் சொன்னது பொய். சும்மா என்றால் காரணமின்றி, கைம்மாறின்றி. எனக்கு வந்த பெட்டியில் காரணமும் இருந்தது, கைம்மாற்றின் அளவும் இருந்தது.

இதற்குச் சரியான தமிழ் என்ன? ஆங்கிலத்தில் ‘ஸ்பான்சர்’ என்கிறார்கள்; இலத்தீனில் அது பிணை நிற்பவரைக் குறித்த சொல். இலங்கைத் தமிழர் ‘அனுசரணை’ என்கிறார்கள், நம் நாளிதழ்கள் ‘ஆதரவு’ என்கின்றன. இரண்டுமே கொடுப்பவரின் பெருந்தன்மையைச் சொல்கின்றன. வாங்கியவர் திருப்பிக் கொடுத்தது என்ன என்பதைச் சொல்வதில்லை. ‘புரவலர்’ இன்னும் மோசம், காலணிக் கம்பெனிக்குக் கிரீடம் சூட்டியதுபோல இருக்கிறது.

எனக்குப் பொருந்தித் தோன்றும் சொல் திருக்குறளில் இருக்கிறது. ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.’ இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது. குறி என்பது அளவு. எதிர்ப்பை என்பது எதிராகத் திரும்பத் தருவது. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தரும் பண்டத்துக்கு அந்தப் பெயர்.

புத்தகச் சொல் என்று தள்ளிவிட வேண்டாம், பொருள் நம் வீட்டிலேயே இருந்தது. என் பாட்டி ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர். பக்கத்து வீட்டுக்குப் பால் டின்னில் ஒரு டின் அரிசி கடன் போகும்; சம்பளம் வந்ததும் அதே டின்னில் திரும்ப வரும். கொடுக்கும்போது கையால் தலை வழித்துக் கொடுத்தால், வாங்கும்போதும் தலை வழித்தே வாங்குவார். அதில் அவமானமும் இல்லை, பெருமையும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் கணக்குத் தெரியும், லயத்துக்கே தெரியும். அந்த டின்தான் குறி. என் காலணிப் பெட்டியிலிருந்த அட்டையும் அதே டின்தான்; லயத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

புறநானூற்றிலும் இந்தச் சொல் வருகிறது. குமணனிடம் பரிசு பெற்று வந்த பெருஞ்சித்திரனார், எல்லோருக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்லும்போது, உனக்கு நெடுநாளாகக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு என்கிறார். அதே புலவர்தான், அதியமான் தன்னை நேரில் பாராமலே பரிசு கொடுத்தனுப்பியபோது, ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று மறுத்தவர். இந்த வரியைப் பார்சல் பிரிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைக்கலாம். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை, காலணி விலை அப்படி.

வாங்கிப் பாடுவதே தவறு என்று பழந்தமிழர் நினைக்கவும் இல்லை. ஆற்றுப்படை என்ற வகையே அதுதானே? பரிசு பெற்றுத் திரும்புகிறவன், வழியில் எதிர்ப்படும் இன்னொருவனிடம் ‘நீயும் அவரிடம் போ’ என்கிறான். ஆனால் தான் பெற்றதை மறைக்காமல் சொல்லிவிடுகிறான். தொல்காப்பியம் அதைப் ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்று இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. அமெரிக்க வணிக ஆணையம் 2009-ல் இணையத்தில் எழுதுபவர்களையும் சேர்த்து, பெற்றதைச் சொல்லிவிட்டு எழுது என்று விதி செய்தது. நம் நாட்டு உள்ளடக்க நெறிமுறை 2022-ல் புதுப்பிக்கப்பட்டது. தொல்காப்பியருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அந்தப் பழைய கட்டுரையின் தலையில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘இந்தக் காலணி குறியெதிர்ப்பையாக வந்தது, 1 ஜோடிக்கு 1 கட்டுரை, 3 படங்கள், 14 நாட்கள்.’ குதிகால் பற்றியும் ஒரு பத்தி. அண்ணன் படித்துவிட்டு, “குறியெதிர்ப்பை என்றால் என்ன தம்பி, நோயா?” என்று கேட்டார். பாட்டியின் டின்னைச் சொன்னேன்.

“அப்படியென்றால் டின் அரிசி என்றே எழுதேன்” என்றார்.